கிணற்றடியில் நடக்கும் ஆய்வு

2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. 1999 இல் மட்டும் 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கும் அதிகமான மலேரியா நோயாளரைக் கண்ட நாடு இது. மருந்தும் எரிபொருளும் தடைப்பட்டுக் கிடந்த போர்க்கால வடக்கு அந்தச் சுமையில் பெரும் பங்கைத் தாங்கியது. 2012 ஒக்டோபருக்குப் பின்னர் உள்ளூரில் தொற்றிய மலேரியா ஒன்றுகூட இல்லை என்றான பிறகே சான்றிதழ் கிடைத்தது. 2016 முடிவதற்குள், மன்னார்த் தீவின் பேசாலைப் பகுதிக் கிணறுகளிலிருந்து மலேரியா தடை இயக்கத்தினர் அள்ளிய நீரில், இலங்கையில் அதுவரை பதிவாகாத ஒரு நுளம்பின் குடம்பிகள் நெளிந்தன. அதன் பெயர் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. பாக்கு நீரிணைக்கு அக்கரையில், தமிழ்நாட்டு நகரங்களில் நெடுங்காலமாக மலேரியாவைப் பரப்பிவரும் இனம் அது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது.

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய பழைய நுளம்பான அனோபிலிஸ் குலிசிபேசீஸ், ஆறு வற்றும்போது மணலிலும் பாறை இடுக்கிலும் தேங்கும் நீரில் பெருகுவது. 1934–35 இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளானபோது, ஈரவலயத்தில் 80 ஆயிரம் வரையான உயிர்களைக் கொண்டுபோன கொள்ளைநோயின் பின்னணி அதுதான். ஸ்டீபன்சிக்கு ஆறு வேண்டியதில்லை. கிணறு போதும், கூரைமேல் வைத்த தண்ணீர்த் தாங்கி போதும், சீமெந்துத் தொட்டி போதும். ஆபிரிக்காவின் கொம்புப் பகுதியில் உள்ள ஜிபூட்டியில் 2012 இல் இந்த நுளம்பு தென்பட்டது. அந்த ஆண்டில் அங்கே பதிவான மலேரியா நோயாளர் 27 பேர். 2020 இல் அது 73 ஆயிரத்தைத் தாண்டியது. எல்லா உயர்வுக்கும் இந்த ஒரு பூச்சியே பொறுப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் நகரத்துக்குள் மலேரியா புகுவதற்கான வாசலை அது திறந்துவிட்டது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்துவேறுபாடு இல்லை.

ஆண்டு முழுதும் ஓடும் ஆறே இல்லாத, வளவுக்கு வளவு கிணறு வெட்டி வாழும் குடாநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சியை யாரும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்க முடியாது.

இந்த நுளம்பைக் கண்டுபிடிப்பது பூச்சியியலாளரின் வேலை. இனத்தை உறுதிசெய்ய நுணுக்குக்காட்டியும் மரபணுப் பரிசோதனையும் வேண்டும். ஆனால் அதை ஒழிக்கும் வேலை முழுவதும் கிணற்றுச் சொந்தக்காரரின் கையில் இருக்கிறது. பாழ்கிணற்றை மூடுவதோ, வலை போடுவதோ, குடம்பி தின்னும் மீன் விட்ட கிணற்றில் அந்த மீனைச் சாகவிடாமல் பார்ப்பதோ அவர் மனம் வைத்தால்தான் நடக்கும். ஆய்வின் முடிவு ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் வெளிவந்து, உலகின் மற்றப் பூச்சியியலாளர்கள் அதை எடுத்தாளத் தொடங்கி, கிணற்றுச் சொந்தக்காரருக்கு மட்டும் ஒன்றும் தெரியாமல் இருந்தால் அந்த ஆய்வு பாதியில் நின்றதாகவே கொள்ள வேண்டும். குடாநாட்டில் செய்யப்படும் சூழலியல் ஆய்வு அநேகமாக எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அதற்குக் காரணம் இந்த நிலத்தின் அமைப்பு.

யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் மேல் அமர்ந்திருக்கிறது. மழைநீர் மேலே ஓடி ஆறாவதற்குள் கல்லின் வெடிப்புகளால் கீழே இறங்கிவிடுகிறது. வழுக்கையாறு என்று பெயர்கொண்ட ஒன்று மாரியில் மட்டும் ஓடும். பெருங்காடு இல்லை, மலை இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். மாவட்டத்தின் பரப்போ ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர்தான். இப்படிப்பட்ட இடத்தில் உயிர்ப்பல்வகைமை எங்கே ஒதுங்கும்? கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நட்ட உயிர்வேலியில், பனங்கூடலில், கோயில் கேணியில், ஊர்க் குளத்தில், தரவையில், வயல் வரம்பில், கடல்நீரேரியின் சேற்றில். தென்னிலங்கையில் ஓர் உயிரியல் ஆய்வாளர் சிங்கராஜா வனத்துக்குள் போய், மனிதர் கண்ணில் படாமலே மாதக்கணக்கில் வேலை செய்துவிட்டு வரலாம். யாழ்ப்பாணத்தில் வண்ணத்துப்பூச்சியை எண்ணப் போனாலும் யாரோ ஒருவரின் படலையைத் திறந்துகொண்டுதான் போக வேண்டும். அப்படிப் போனவரிடம் வீட்டுக்காரர் என்ன ஏது என்று விசாரிப்பார். அந்த விசாரணைக்குப் பதில் சொல்வதும் ஆய்வின் வேலைதான்.

டெங்கு நுளம்பைப் பற்றிய ஆய்வு இதை இன்னும் தெளிவாகக் காட்டும். ஈடிஸ் எஜிப்தி, ஈடிஸ் அல்போபிக்டஸ் இரண்டும் நன்னீரில், அதுவும் தெளிந்த நீரில், முட்டையிடும் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. சுகாதாரத் திணைக்களத்தின் சுவரொட்டிகளும் அதையே சொல்லின: சிரட்டை, ரயர், யோகட் கோப்பை, பூச்சாடித் தட்டு. ரஞ்சன் ராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் நோபிள் சுரேந்திரனும் அவர்களுடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2011 இல் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையை அசைத்தது. கரையோரக் குடியிருப்புகளில் கைவிடப்பட்ட படகுகளிலும் பாவனையற்ற கிணறுகளிலும் வீசியெறிந்த உணவுப் பெட்டிகளிலும் தேங்கிய உவர்நீரில் இந்த இரண்டு இனங்களின் குடம்பிகளும் வளர்ந்துகொண்டிருந்தன. சில இடங்களில் அந்த நீரின் உப்பு லீற்றருக்கு ஏறத்தாழ 15 கிராம். கடல்நீரின் உப்போ லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம்.

யாழ்ப்பாணக் குழு அதோடு நிற்கவில்லை. குருநகர் போன்ற கடற்கரைக் குடியிருப்பில் பிடித்த நுளம்புகளையும் திருநெல்வேலி போன்ற உள்நிலத்தில் பிடித்தவற்றையும் ஆய்வுகூடத்தில் வளர்த்து ஒப்பிட்டார்கள். உவர்நீரில் வளர்ந்த குடம்பிகளின் புறத்தோலும், உடலின் உப்புச் சமநிலையைக் காக்கும் வாற்புற உறுப்புகளும் மாறுபட்டிருந்தன. இந்தப் பூச்சி உவர்நீரைத் தற்செயலாகத் தாங்கிக்கொள்வதோடு நிற்கவில்லை, அதற்கேற்ப உடலையே மாற்றிக்கொண்டு வருகிறது என்பதற்கு அது சான்று. கடல்மட்டம் உயரும் காலத்தில், உவர்நீர் தேங்கும் நிலப்பரப்புக் கூடும் காலத்தில், இது உலகத்துக்கே வேண்டிய சேதி. 2017 இல் இலங்கை 1 இலட்சத்து 86 ஆயிரம் டெங்கு நோயாளரைக் கண்டது என்பதை நினைத்தால் சேதியின் கனம் புரியும்.

உலகத்துக்குச் சேதி போய்விட்டது. குருநகர்க் கரையில் கவிழ்க்காமல் கிடக்கும் பழைய வள்ளத்தின் சொந்தக்காரருக்குப் போனதா? வள்ளத்துக்குள் தேங்குவது உப்புத்தண்ணி, அதில் நுளம்பு வராது என்று அவர் நம்புவதில் தவறேதும் இல்லை; பாடசாலையில் அப்படித்தான் படித்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாகப் போய்ச் சிரட்டைகளை எண்ணுகிறார். கரையில் கிடக்கும் வள்ளம் அவருடைய படிவத்தில் வருகிறதா என்பதே கேள்வி. ஆய்வு முடிவு ஒன்று படிவத்தில் புதிய ஒரு நிரலாக மாறும் வரைக்கும் அது மக்களைச் சேரவில்லை. மேடைப் பேச்சும் விழிப்புணர்வு ஊர்வலமும் அந்த ஒரு நிரலுக்கு ஈடாகா.

ஒரு சிக்கலும் உண்டு. மலேரியா நுளம்பைத் தடுக்கக் கிணற்றில் கப்பி மீன் விடச் சொல்கிறார்கள். மாரி வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கினால், வயிற்றோட்டம் வராமல் இருக்க அதே கிணற்றில் குளோரின் இடச் சொல்கிறார்கள். குளோரின் கூடினால் மீன் சாகும். இரண்டு அறிவுரையும் தனித்தனியே சரி. ஒரே கிணற்றடிக்கு இரண்டும் வந்து சேரும்போது எதை முதலில் செய்வது, எத்தனை நாள் கழித்து மீனைத் திரும்ப விடுவது என்று சொல்ல ஆள் வேண்டும். போதாததற்குக் கப்பி தென்னமெரிக்க மீன். கிணற்றிலிருந்து அது குளத்துக்குப் போனால் நம் சிறுமீன்களோடு இரைக்குப் போட்டியிடும். இவ்வளவையும் ஒரு துண்டுப்பிரசுரத்தில் அடக்குவது கடினந்தான். ஆனால் மக்களுக்கு விளங்காது என்று தீர்மானித்துச் சுலோகமாகச் சுருக்கிக் கொடுப்பதுதான் இதுவரை நடந்த பிழை. ஒரு கன்றுக்கு எத்தனை பட்டை தண்ணீர், எந்தப் பக்கத்து ஊற்று உவர் என்று கணக்கு வைத்திருந்த சமூகத்துக்கு இது விளங்காமல் போகாது.

அந்த ஊற்றுக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

குடாநாட்டின் நன்னீர், கல்லுக்குள் இறங்கிய மழைநீர். அது கனமான கடல்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. சுன்னாகம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என்று நான்கு பெரிய நீர்கொள் படுகைகளை நிலவியலாளர் பிரித்துச் சொல்வர். கோட்பாட்டளவில், கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன் கீழே 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பார்த்தால் பயம் பிடிக்கும்: மேல்மட்டம் 1 மீற்றர் இறங்கினால், அடியிலிருந்து உப்பு 40 மீற்றர் ஏற இடமுண்டு. துலாவால் இறைத்த காலத்தில் மனித உடம்பின் களைப்பே இறைப்புக்கு எல்லை வைத்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்த பிறகு அந்த எல்லை போய்விட்டது. புத்தூருக்கு அண்மையில் உள்ள நிலாவரைக் கிணறு வற்றாது, அடிகாணாது என்று ஊர் சொல்லும். அங்கேயும் ஆழம் போகப்போக நீர் உப்பாகிறது.

மேலேயிருந்து இறங்குவதும் நல்லதாக இல்லை. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் போட்ட யூரியாவும் எருவும், கிணற்றிலிருந்து சில யார் தள்ளி வெட்டிய மலசலகூடக் குழியின் கழிவும், அதே கல் வெடிப்புகளால் நேரே நீருக்குள் போகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தாண்டினால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறையும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அந்த வரம்பு மீறப்பட்டிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் பதிவுசெய்து வருகின்றன. நாற்பது ஆண்டுக்கு மேல். இந்தக் காலத்தில் பட்டப்படிப்பு ஆய்வேடுகளுக்காகவும் திட்ட அறிக்கைகளுக்காகவும் எத்தனையோ கிணறுகளிலிருந்து போத்தல்களில் நீர் போயிருக்கிறது. தன் கிணற்றின் எண் இவ்வளவு என்று எழுத்தில் திரும்பப் பெற்ற வீட்டுக்காரரைத் தேடிப் பார்த்தால், குறைவாகத்தான் அகப்படுவார்கள்.

அப்படிச் சொல்லாமல் விட்டதன் விலை என்ன என்பதைச் சுன்னாகம் காட்டியது. அங்கே இயங்கிய தனியார் அனல்மின் நிலையத்தின் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் படிவதாக மக்கள் முறையிட்டார்கள். 2013 இன் இறுதியிலிருந்து தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை மாதிரி எடுத்துப் பரிசோதித்தபோது, எடுத்த கிணறுகளில் பெரும்பாலானவற்றில் எண்ணெயும் கிறீசும் தரவரம்பை மீறி இருந்தன. 2015 தொடக்கத்தில் நீதிமன்ற உத்தரவால் மின்நிலையம் நிறுத்தப்பட்டது. பவுசரில் தண்ணீர் வந்தது. வடமாகாண சபை நியமித்த நிபுணர் குழு வேறுவிதமான முடிவைச் சொன்னது. ஒரு நிறுவனம் குடிக்காதே என்றது, இன்னொன்று பயப்படாதே என்றது. எந்தப் பொருளை அளந்தார்கள், எந்த மாதத்தில், எந்த ஆழத்தில், மழைக்கு முன்னா பின்னா என்ற விவரம் பொதுமக்களுக்கு விளங்கும் தமிழில் வைக்கப்படவில்லை. விளைவு: விஞ்ஞானத்தின் மேலேயே சந்தேகம். மக்கள் வீதியில் இறங்கினார்கள். சூழல், இயற்கை ஆய்வுகளுக்கான மையத்தின் சார்பில் வழக்கு உயர் நீதிமன்றம் போனது. 2019 ஏப்ரிலில் வந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்ட கிணற்றுச் சொந்தக்காரர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி மின்நிலைய நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற நெறியை இலங்கை நீதிமன்றம் நிலைநாட்டிய முக்கியமான வழக்குகளில் ஒன்றாக அது நிற்கிறது.

இந்த விவகாரத்தில் அரசியல் நிறைய இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும், இரண்டு நிபுணர் குழுக்கள் முரண்படுவது விஞ்ஞானத்தில் அன்றாடம் நடப்பது; அந்த முரண்பாடு எங்கேயிருந்து வருகிறது என்பதை விளக்கி வைத்திருந்தால், சனம் தானே தீர்மானித்திருக்கும். மறைத்ததால் வதந்தி தீர்மானித்தது. 2024 இல் மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீர் வீட்டுக்கு வந்த பிறகு கிணற்றைப் பார்ப்பார் இல்லாமல் போகும் அபாயம் உண்டு. பாவிக்காத கிணறுதான் ஸ்டீபன்சிக்கு விருப்பமான கிணறு என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

கடல்நீரேரிப் பக்கம் கதை சற்று வேறு. ஒக்டோபர் தொடங்கி மார்ச் வரை சுண்டிக்குளம், ஆராலி, மண்டைதீவு, செம்மணி ஆகிய இடங்களின் ஆழமற்ற நீரில் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் சிறு கரைப்பறவைகளும் இறங்குகின்றன. மத்திய ஆசியாவிலிருந்து வரும் வான்வழியின் தெற்கு முனைகளில் இதுவும் ஒன்று. சுண்டிக்குளம் 1938 இல் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவாகியது. குதிரைகள் மேயும், பெருக்கமரம் நிற்கும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் அதே ஆண்டில் பூங்காவாகியது. இடையில் முப்பதாண்டுப் போர். இலங்கையின் மற்றப் பகுதிகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டாண்டாக நடந்துகொண்டிருக்க, வடக்குக் கரைகளில் மிதிவெடியும் காவலரணும் இருந்தன.

மன்னாரில் நடந்த ஒரு வேலை குடாநாட்டுக்கு நல்ல முன்மாதிரி. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன குழுவினர் அங்கே பிடித்த ஹியூக்ளின் கடற்காகங்களின் முதுகில் செய்மதிக் கருவி பொருத்தினார்கள். 2021 இல் அவை இந்தியாவைக் கடந்து, சைபீரியாவின் வடகோடியில் உள்ள யமால் குடாநாட்டுக்குப் பறந்துபோனதை நிலப்படத்தில் பார்க்க முடிந்தது. கரைவலைக்காரரின் காலடியில் மீன்கழிவு பொறுக்கும் பறவை துருவ வட்டத்துக்கு அப்பால் முட்டையிடுகிறது என்பதை அந்தக் கரையில் உள்ள பாடசாலைப் பிள்ளைக்குக் காட்ட ஒரு நிலப்படம் போதும். நூறு பக்கம் எழுதியும் ஏற்படாத அக்கறை அதில் ஏற்படும்.

கடற்றொழிலாளரிடம் இருக்கும் அறிவை ஆய்வுலகம் வாங்கிக்கொள்ளும் விதமோ இன்னும் திருந்தவில்லை. களங்கட்டி வலை போடுபவருக்கு எந்தக் காற்றுக்கு எந்த மீன் ஏரிக்குள் வரும், சாதாளை எங்கே அடர்ந்திருக்கும், இறால் குஞ்சு எந்தக் கண்டல் வேருக்குள் வளரும் என்று தெரியும். ஆய்வாளர் அதைக் கேட்டு எழுதிக்கொள்வார். கட்டுரையில் அது ‘உள்ளூர்த் தகவலாளி’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும். கடலட்டைப் பண்ணைகள் பரவியபோது இந்த இடைவெளி சச்சரவாக வெடித்தது. அரியாலையில் சீன–இலங்கைக் கூட்டு முயற்சியாகக் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. பின்னர் யாழ்ப்பாணம், பூநகரி, மன்னார்க் கரைகளில் கம்பும் வலையும் அடித்த பண்ணைகள் பெருகின. 2022 இல் கிராஞ்சியில் கடற்றொழிலாளர் தொடர்ந்து பல மாதம் போராடினார்கள். தாங்கள் நடமாடும் கடலையும் சிறுமீன் வளரும் தாவரப் படுக்கையையும் பண்ணை மறிக்கிறது என்பது அவர்கள் வாதம். அட்டை சேற்றைத் தின்று கழித்து அடித்தளத்தைத் துப்புரவாக்கும் உயிர், அளவோடு வளர்த்தால் நன்மையே என்பது மறுவாதம். இரண்டிலும் உண்மை இருக்கலாம். எந்த ஏரிப்பகுதி எத்தனை பண்ணையைத் தாங்கும் என்று முதலில் அளந்து, அந்த அளவை ஊர்ச் சங்கத்தின் முன் வைத்துவிட்டு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அனுமதி முந்தியது, அளவை பிந்தியது. இது தவறான வரிசை என்பதில் இந்தக் கட்டுரைக்குச் சந்தேகம் இல்லை.

ஆய்வைத் தமிழில் மக்களுக்குச் சொல்வது இந்த மண்ணுக்குப் புதிது என்று யாராவது நினைத்தால், மானிப்பாய்க்குப் போய்வரலாம். 1847 இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்கேயிருந்துதான் உடற்கூற்றையும் மகப்பேற்று மருத்துவத்தையும் இரண வைத்தியத்தையும் தமிழாக்கினார், மாணவருக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் 1875 இல் வந்தது. அவர் சமயம் பரப்ப வந்தவர் என்பதும் உண்மை. ஆனால் ஊரில் வேலை செய்யப்போகும் வைத்தியன் ஊர்மொழியில் படிக்க வேண்டும் என்று அவர் கண்ட நியாயம் இன்றைக்கும் குறையவில்லை. 1950களில் அரச கரும மொழித் திணைக்களம் விலங்கியல், தாவரவியல் சொற்றொகுதிகளை அச்சிட்டது. இலங்கைப் பாடசாலைகளில் உயர்தரம் வரை விஞ்ஞானம் தமிழில் நடக்கிறது. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், பத்திரிகைகள் கோடுபோட்ட கொப்பித் தாளில் அச்சாகிய காலத்தில்தான் எழுத்தாளர் வரதர் ‘அறிவுக் களஞ்சியம்’ சஞ்சிகையை நடத்தினார். யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கமும் 1991 இல், அந்த நெருக்கடிக்குள்தான் பிறந்தது. பொ. ஐங்கரநேசனின் ‘ஏழாவது ஊழி’ சூழலியலைத் தனி நூலாகவே தந்தது. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் பழைய ஏடுகளை மின்வடிவில் காத்து வைத்திருக்கிறது. 1981 இல் ஒரு நூலகம் எரிந்ததைக் கண்ட ஊருக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆக, மொழி இருக்கிறது, சொல் இருக்கிறது, வாசகர் இருக்கிறார்கள். தடை பல்கலைக்கழகத்தின் கணக்கெடுப்பில் இருக்கிறது. பதவி உயர்வுக்கு எண்ணப்படுவது ஆங்கிலச் சஞ்சிகைக் கட்டுரை. ஊர்ப் பத்திரிகையில் தமிழில் எழுதிய இரண்டு பக்கத்துக்குப் பெறுமதி சொற்பம். ஒரு விரிவுரையாளர் பின்னதைச் செய்தால் அது அவருடைய நல்லெண்ணம், செய்யாவிட்டால் கேட்பார் இல்லை. நல்லெண்ணத்தை நம்பி நுளம்பை ஒழிக்க முடியாது. ஊடகங்களின் பங்கும் பெருமைப்படும்படி இல்லை. டெங்கு மரணம் முதற்பக்கத்தில் வரும். அந்த நுளம்பு உவர்நீரில் வளர்கிறது என்ற கண்டுபிடிப்பு, வந்தால், ஏழாம் பக்க மூலையில் வரும்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. குடாநாட்டில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது, காலையில் பத்திரிகை படிக்க ஆட்கள் கூடும் இடம். ஓர் ஊரில் மாதிரி எடுத்த எந்த ஆய்வும், முடிந்த ஆறு மாதத்துக்குள், ஒரு தாள் அளவில் தமிழில் அந்த ஊர் நிலையத்தின் பலகைக்கு வரவேண்டும். என்ன தேடினோம், எதை அளந்தோம், எவ்வளவு இருந்தது, நீங்கள் என்ன செய்யலாம் என்ற நான்கு பந்தி போதும். தனிக் கிணற்றின் அளவு அந்த வீட்டுக்குக் கடிதமாகப் போகவேண்டும். பலகையில் பெயர் போட்டு யாரையும் கூச்சப்படுத்தத் தேவையில்லை. பாடசாலைச் சூழல் கழகங்கள் மாரிக்கு முன்னும் பின்னும் தங்கள் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து ஒரே கொப்பியில் பத்தாண்டு எழுதினால், எந்தத் திட்ட அறிக்கையிலும் இல்லாத தரவு கிடைக்கும். கடற்றொழிலாளர் சங்கம் பூநாரை வந்த நாளையும் போன நாளையும் குறித்து வைத்தால் அதுவும் அப்படியே. ஆய்வு முன்மொழிவை அங்கீகரிக்கும் குழு, ‘முடிவு மக்களுக்கு எப்படிப் போகும்’ என்ற கேள்வியைப் படிவத்தில் சேர்த்து, பதில் வெறுமையாக இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடமும் வடமாகாணக் கல்வி, சுகாதாரத் திணைக்களங்களும் சேர்ந்து உட்கார்ந்தால் அடுத்த மாரிக்கு முன்னரே இதைத் தொடங்கலாம். வெளிநாட்டு நிதிக்குக் காத்திருக்க வேண்டிய வேலை எதுவும் இதில் இல்லை. அதுவரை வாசகர் ஒன்று செய்யலாம்: உங்கள் கிணற்றில் யாராவது போத்தலில் தண்ணீர் எடுத்தால், எடுத்தவரின் பெயரையும் நிறுவனத்தையும் குறித்துக்கொண்டு, பெறுபேற்றை எழுத்தில், தமிழில் தரும்படி கேளுங்கள். வளவில் பாவிக்காத கிணறு இருந்தால் அதை இந்த வாரமே வலையால் மூடிவிடுங்கள்.